நாலு சதவீதம்

ஐந்தாம் நாள் காலை
யெல்லேயின் வடிகுழாய்ப் பை
வெளுத்துக் கிடந்தது.
சிறுநீரகத்தோடு நிணக்கணுக்களையும் எடுத்த வயிறு.
உள்ளே எங்கோ ஒரு மயிரிழைக் குழல்
மூடாமல் கசிகிறது.

முப்பது வருடம் லேவார்டன் பால்பண்ணையில்
கொழுப்பு அளந்தவர்.
பையை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டச் சொன்னார்.
“நாலு சதவீதம் தேறும்.”
சிரித்ததில் தையல் இழுத்தது.
ஆய்வகம் மாலையில்தான் ஆமாம் என்றது,
வேறு எண்ணில், வேறு அலகில்.

அன்றிலிருந்து வாய்ப்பூட்டு.
வெண்ணெய் கிடையாது, பாலாடைக்கட்டி கிடையாது.
ஃப்ரீஸ்லாந்துக்காரனுக்கு இது நாடு கடத்தல்.
மேலே, கழுத்து நரம்புக்குள் சொட்டும் வெள்ளைப் பை.
கீழே, வயிற்றிலிருந்து நிறையும் வெள்ளைப் பை.
நடுவில் மனிதர் இளைத்துக்கொண்டே வந்தார்.

இரவுப் பணித் தாதி நான், எழுதுகிறேன்:
தொள்ளாயிரம். எழுநூற்றைம்பது.
மறுபடி தொள்ளாயிரம்.
அன்றைக்கு வீட்ஸ்கே
கார் விளக்கைப் போட்டுவிட்டுக் கிளப்பாமலே
வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை
மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தேன்.
தோலுக்கடியில் மூன்று வேளை ஊசி.
திரும்பத் திறந்து தைக்கலாமா என்று
வாசலில் நின்று பேசிய மருத்துவர்கள்
பொறுப்போம் என்று போனார்கள்.

பதினேழாம் நாள் வைக்கோல் நிறம்.
முப்பது. இருபது.

இன்று
ஒரு துண்டு ரொட்டி, மேலே நிஜ வெண்ணெய்,
மருத்துவர் கையெழுத்திட்டுத் தந்தது.
அவர் உடனே கடிக்கவில்லை.
முகர்ந்தார்.
“பனிக்காலத்து வெண்ணெய்.
மாடு வெளியே போகவே இல்லை.”
பிறகு மென்றார், நிதானமாக.

வீட்ஸ்கே அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நானும்தான்.