இறந்தவன் மணி

பட்டர்வொர்த், மூன்றாம் மாடி, விசாரணை அறை.
குளிர்சாதனம் அதிகம். கீழே துறையில்
யாரோ துருவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.
நான் மொழிபெயர்ப்பாளர். மணிக்கு இத்தனை வெள்ளி,
சாப்பாட்டு நேரம் கழித்து.

முந்தைய இரவு ஜெலுத்தோங் வீட்டில்
அகராதியோடு உட்கார்ந்திருந்தேன்.
கிளாண்டு என்றால் சுரப்பி என்றது.
வீப்பிங் என்றால் அழுதல்.
காலையில் வழக்கறிஞர் மிஸ் கூ கேட்டதை
அப்படியே தமிழாக்கினேன்:
"பம்பின் சுரப்பி அழுததைப் பார்த்தீர்களா?"
கஸ்மீர் கர்டோசா, எஞ்சின் ஆயிலர், தூத்துக்குடி,
என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார்.
"கிளாண்டுல தண்ணி சொட்டுனதக் கேக்கியளா?
சொட்டுச்சு. சொட்டணும் மேடம்.
சொட்டலன்னாதான் சூடாயிரும்."

அதன்பிறகு வம்பில்லை. கிளாண்டு கிளாண்டு. பில்ஜ் பில்ஜ்.
முன்பக்கத்துக்கு அணியம், பின்பக்கத்துக்கு அமரம் என்று
நான் ஆசையாய்ப் பொறுக்கி வைத்திருந்ததை மட்டும்
அவரே சொன்னார், சாதாரணமாக.
வத்தைக்கும் அமரம்தான்,
எழுபதாயிரம் டன்னுக்கும் அமரம்தான்.

ஆங்கிலத்தில் கப்பலுக்குப் பக்கத்தில்
சாவு சும்மா உட்கார்ந்திருக்கிறது.
டெட் வெயிட்: ஏற்றக்கூடிய மொத்தச் சுமை.
சரக்கு, எண்ணெய், குடிதண்ணீர்,
மாலுமிகளின் அரிசி, மாலுமிகள்.
டெட் ஸ்லோ: துறையை நெருங்கும் வேகம்.
டெட் ஷிப்: எஞ்சின் நின்று, பாய்லர் ஆறி,
விளக்கும் போன கப்பல்.
அதை மறுபடி எழுப்ப வழி இருந்தாக வேண்டும் என்பது விதி.
இவற்றில் யாரும் சாகவில்லை என்று
குறிப்பேட்டு ஓரத்தில் எனக்காக எழுதிவைத்தேன்.

பிற்பகலில் டெட் மேன் அலாரம் வந்தது.
இறந்தவன் மணி, என்றேன், வேறு தோன்றாமல்.
எஞ்சின் அறைக்கு இரவில் இறங்குபவர்
இருபத்தேழு நிமிடத்துக்கு ஒருமுறை
ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.
அழுத்தினால் உயிரோடு இருக்கிறார்.
இல்லாவிட்டால் மேலே ஒவ்வொரு அறையிலும் அடிக்கும்.

"மூன்றாம் எஞ்சினியர் தெட் நாயிங்
அன்றிரவு எத்தனை முறை அழுத்தினார்?"
"ஒரு தடவ."
"பதிவில் நான்கு இருக்கிறது."
"மிச்சம் மூணும் நான்."

துவான் ரஸ்லான் பேனாவை மூடினார்.

"ரெண்டு நாளா பியூரிஃபையரோட மல்லுக்கட்டி
கண்ணு செவந்து கெடந்தாரு.
டூல் பெட்டியில சாஞ்சவரு அப்பிடியே உறங்கிட்டாரு.
மணி அடிச்சா சீஃப் எந்திரிச்சு வந்து ஏசுவாரு.
உறங்கட்டும்னு அமுக்குனேன்.
நாலு மணிக்கு டீ கொண்டுபோயி எழுப்புனேன்."

இதை ஆங்கிலமாக்க அகராதி வேண்டியிருக்கவில்லை.
எல்லாம் சின்னச் சொற்கள்.

பிறகு மருத்துவர் அறிக்கையைப் புரட்டி
மிஸ் கூ ஒரே வாக்கியம் கேட்டார்.

ஆங்கிலக் கேள்வி எடுத்த எடுப்பில் பல்லைக் காட்டிவிடும்.
தமிழில் வினை கடைசியில்தான் வரும்.
இதயம், என்றேன்.
முதல் இருபத்தேழாவது நிமிடத்தில், என்றேன்.
மேலே இருந்தவர்கள், ஆக்சிஜன், ஸ்ட்ரெச்சர், என்றேன்.
ஒரு வேற்றுமை உருபையும் விடவில்லை.
நங்கூரச் சங்கிலி போல ஓடிக்கொண்டே இருந்தது வாக்கியம்,
தரை தட்டவில்லை.
கர்டோசா என் வாயையே பார்த்தார்.
மேசை விளிம்பில் அவர் கட்டைவிரல்
எதையோ அழுத்தியபடி இருந்தது.

நீங்கள் அழுத்தாமல் இருந்திருந்தால், என்றேன்,
அவர் பிழைத்திருப்பாரா.

"என்ன கேக்காங்க?" என்றார்.
புரிந்திருந்தது அவருக்கு.
மறுபடி சொல்லும்படி துவான் கேட்டுக்கொண்டார்.
மறுபடி சொன்னேன்.

ஐந்தரை ஃபெரியில் தீவுக்குத் திரும்பினேன்.
துறை நெருங்க எஞ்சின் சத்தம் இறங்கியது.
குறிப்பேட்டில் சுரப்பியை அடித்துவிட்டு
'சொட்டணும்' என்று எழுதினேன்.
மணிக்கு நேரே எழுதியதை
அடிக்கவும் இல்லை, அப்படியே விடவும் முடியவில்லை.
பாலம் இறங்கும் முன்பே
மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் உறுமத் தொடங்கிவிட்டன.