ஏழாம் மாதிரி

இரும்பு கூடாது.
மற்றதெல்லாம் பேசித் தீர்க்கலாம்.
பித்தளை என்று சொல்லி விற்ற நாற்பது திருகாணிகளையும்
நூலில் தொங்கிய காந்தத்துக்கு முன்னால்
ஒவ்வொன்றாகக் காட்டினேன்.
இருபத்தாறாவதைக் கண்டதும்
பழைய சிநேகிதம்போல் திரும்பியது காந்தம்.

இது லண்டன்தான், ஒன்டாரியோவில் இருக்கும் லண்டன்.
ஆற்றுக்கும் தேம்ஸ் என்றே பெயர்.
பெயரை வைத்துக்கொண்டு அளவை மாற்றுவது
ஊருக்கு வழக்கம்,
எனக்கு வேலை.

முதல் மாதிரி காற்றொழுகியது.
இரண்டாவது அச்சில் இருக்கும்போதே விரிசல்.
மூன்றாவதோடு, தண்ணீர்ப் போத்தலைத்
தலையென்று படுக்கவைத்து எடுத்த படத்தில்
காதுப்பக்கம் கறுப்பாய் ஒரு பள்ளம்.
பசையில் என்ன கலந்திருந்தார்களோ.
நான்கு, ஐந்து, ஆறைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஏழு: நைலான் கூடு,
கைக்குள் அடங்கும் ரப்பர்க் குமிழ்,
சுவர்த்துளை வழியே வெளியேறும் பத்து மீட்டர்க் குழாய்.
பிடித்தால் காற்று ஓடும்.
மறு அறையில் கோடு எழும்,
முப்பது மில்லிசெகண்ட் பிந்தி.
அந்தப் பிந்தலைக் கழிக்க நிரலில் ஒரு வரி வைத்திருந்தேன்.

வீப்ரன் ஹூக்ஸ்ட்ரா வந்தார். வயது எழுபத்தொன்று.
பக்கவாதம் வந்து ஐந்து மாதம்.
சாவி, பெல்ட், சில்லறை எல்லாம் தட்டில் போட்டார்.
இடக்கையை வலக்கையால் தூக்கிக் கட்டிலில் வைத்தார்.
குமிழைப் பார்த்துச் சிரித்தார்:
"நாற்பது வருஷம் மாடு கறந்தவன் நான்.
இவ்வளவு சின்னக் காம்பா?"

உள்ளே போனார்.
தகரத்தில் ஆணி அடிப்பதுபோல் ஸ்கேனர் தொடங்கியது.
திரையில் எழுத்து வந்தது: பிடி.
கோடு படுத்தே கிடந்தது.
பிடி.
கிடந்தது.
ஒடெட் என்னைப் பார்த்தாள், நான் குழாயைப் பார்த்தேன்.

அவர் போனபின்
குமிழைக் கழற்றிவிட்டு அதே குழாயில் வாய்வைத்து ஊதினேன்.
துள்ளியது கோடு.
ஒழுகல் இல்லை.
கருவி பொய் சொல்லவில்லை.

மாலையில், இருபது "பிடி"களையும் கூட்டிக் கணக்கிட்ட படம் வந்தது.
மூளையின் வலப்பக்கம்,
கைக்கென்று இருக்கும் மடிப்பின் ஓரத்தில்
அரிசிமணி அளவில் சிவப்பு.
மனிதர் பிடித்திருக்கிறார்.
கைக்குச் சேதி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

நான் பதிந்த பூஜ்யமும் சரி,
அந்தச் சிவப்பும் சரி.
இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கழிக்க
என்னிடம் வரி இல்லை.
ஆனால் ரப்பர் தடிப்பாக இருக்கலாம்.
விரல் கொஞ்சம் அசைந்து, குமிழுக்கு அது காணாமல் போயிருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

பனிக்குள் நடந்து,
மூடப்போன கடையில்
இருக்கிறதிலேயே மெல்லிய பலூன் இரண்டு பாக்கெட் எடுத்தேன்.
பணம் வாங்கியவள் கேட்டாள்,
பிறந்தநாளா, எத்தனை வயது?

எழுபத்தொன்று என்றேன்.