ஒரு மாத்திரை

இரண்டாம் பாகம், ஐந்தாம் எபிசோட்.
இருபத்திரண்டாம் நிமிடம் ஏழாம் வினாடியில் தொடங்கி
முப்பத்தெட்டு வினாடி.
வகை: பின்னணி. குரல் இல்லை.
இயற்றியவர்: அவுஸ்மா ஸிலெ.
இப்படித்தான் நிரப்பினேன்,
ரீகாவில், மூன்றரை மணிக்கே இருட்டிவிட்ட
ஒரு டிசம்பர் நாளில்.

அவள் பெயர் ஸீலெ.
எங்கள் எழுத்தில் நெடிலுக்கு
தலைமேல் ஒரு சின்னக் கோடு உண்டு,
புள்ளியைப் படுக்கவைத்த மாதிரி.
படிவத்தின் மென்பொருள் கோடுகளைத் தின்னும்.
தெரியும்.
தெரிந்தும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

படத்தோடு பாட்டை ஒட்டிக்கொள்ளும் உரிமைக்கு
ஒரே தடவை பணம்:
ஒலித்தட்டுக் கம்பெனிக்குப் பாதி, அவளுக்குப் பாதி.
அது அன்றே தீர்ந்தது.
தீராதது இன்னொன்று.
எந்த ஊரிலாவது யாராவது அந்தத் தொடரை ஒளிபரப்பினால்
அந்த ஊர்ச் சங்கம் காசை எண்ணி
எங்கள் சங்கத்துக்கு அனுப்பும்.
சங்கம் பாட்டைக் கேட்பதில்லை.
என் தாளைத்தான் வாசிக்கும்.

மூன்று வருஷம் கழித்து லியெபாயாவிலிருந்து கடிதம்.
அவுஸ்மா ஸிலெ, மருந்துக்கடை வைத்திருக்கிறவர்,
இருபது வயதில் பாடகர் குழு ஒன்றுக்கு
நாலு வரி எழுதிக் கொடுத்து
சங்கத்தில் சேர்ந்து, மறந்தவர்.
"முதல் வருஷம் ஏழு யூரோ வந்தது. யாரோ அந்த நாலு வரியைப்
பாடியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.
போன வருஷம் அறுபது.
இந்த வருஷம் நானூற்றுப் பன்னிரண்டு, கொரியாவிலிருந்து.
கொரியாவில் யாருக்கு என்னைத் தெரியும்?
தொடரைத் தேடிப் பார்த்தேன்.
செத்துப்போன புருஷனின் காரை
ஒருத்தி கழுவுகிறாள். பின்னால் ஹார்மோனியம்.
அதை நான் எழுதவில்லை.
எழுதியிருக்கலாமே என்று மட்டும் இருந்தது."

மாத்திரை விற்கிறவர் கைக்கு
நான் தவறவிட்ட ஒரு மாத்திரை போயிருக்கிறது.

திருத்தப் படிவம் நாலு பக்கம்.
கோடு போட்டேன், இந்தத் தடவை பேனாவால்,
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.
சங்கம் மூன்று வருஷம்வரை பின்னால் போகுமாம்.
அதற்கு முந்தையது போனது போனதுதான்.
எனக்கு மூன்று வருஷம் பதினோரு நாள்.
முதல் ஏழு யூரோ யாருக்கும் இல்லை.

நிஜ ஸீலெக்கும் எழுதினேன், மன்னிப்புக் கேட்டு,
தொகை, தேதி, எபிசோட் எண் எல்லாம் போட்டு.
தௌகவ்பில்ஸிலிருந்து வந்த பதிலில்
காசைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"நான் எழுதியது நாற்பத்தொரு வினாடி.
மீதி மூன்று எங்கே?"

படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.
அவள் வாளியைக் கீழே வைக்கிறாள்.
அங்கே பாட்டை வெட்டியிருக்கிறார்கள்.
கார் கதவிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது,
மூன்று வினாடி, கிட்டத்தட்ட
அதே தாளத்தில்.

இதை யார் பெயரில் எழுத?