பஞ்சு

குப்பி குலுங்கினால்
மாமியாருக்குக் கேட்டுவிடும் என்றாள் லிமாகாட்சோ.
ஒரு பிடி பஞ்சை உள்ளே திணித்துக் கொடுத்தேன்.
செமொன்கொங் மருத்துவமனைப் பதிவேட்டில்
இதற்கென்று கட்டம் கிடையாது.

இரண்டு நாள் கொடுக்காமல்
பால் கட்டிக் கல்லாய்க் கனத்த மார்போடு
மூன்று மணி நேரம் குதிரையில் வந்திருந்தாள்.
கொடுக்கலாமா?
கொடு.
இரவு எட்டுக்கு உன் மாத்திரை,
காலையில் பிள்ளைக்குச் சொட்டு மருந்து,
நடுவில் எத்தனை முறை அழுதாலும் பால்.

அவள் நம்பவில்லை.
என் கைப்பையை எடுத்துக் குலுக்கினேன்.
கலகலவென்றது.
என்னுடையதில் பஞ்சு இல்லை.

என் மகளுக்குப் பதினொரு வயது என்றேன்.
கணக்கில் கடைசி,
அது வேறு கதை.

லிமாகாட்சோ சிரிக்கவில்லை.
கம்பளிப் போர்வையின் ஊக்கை மட்டும் கழற்றினாள்.
பிள்ளை முதலில்
போர்வை ஓரத்தைச் சப்பிப் பார்த்தது,
பிறகு கண்டுகொண்டது.
வலியில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்;
விடச் சொல்லவில்லை நான்.

குதிகாலில் எடுத்த ரத்தப் பொட்டு
மசேருவுக்குப் போயிருக்கிறது.
பனி விழுந்தால் பாதை மூடும்,
முடிவு வர நாளாகும்.

ஜன்னலுக்கு வெளியே குதிரை
காலை மாற்றி மாற்றி நிற்கிறது.
இடது பக்கம் முடிந்தது.
வலது.