மணல் மெருகு

ஜெகபர் அலி பட்டறையில்
நாளிதழ்மேல் மூன்று எஃகுத் துண்டுகள்.

முதலாவது கண்ணாடி மெருகு.
அதில் என் மீசை, டியூப்லைட்,
வாசலில் உறுமும் மன்னார்குடி பஸ்.
குறி பார்க்கும் நேரத்தில்
என் முகம் எனக்கெதற்கு?

கறுப்புப் பூச்சு அழகுதான்.
"நாகப்பட்டினத்து உப்புக்கே தாங்கும் சார்,
விலைதான்..." இழுத்தார்.

மூன்றாவது பொடி அடித்தது.
தண்ணீர் வடிந்த மறுநாள்
வெண்ணாற்றில் பார்த்த சாம்பல்.
அழுத்தித் தொட்டேன்,
ரேகை பதியவில்லை.

போன தேர்தலுக்கு
ஸ்டேஷனில் ஒப்படைத்த பழைய துப்பாக்கி
இரண்டு மாதம் கழித்துத் திரும்பியது,
குழலில்
ஏட்டையாவின் ஐந்து விரலும் துருவாக.

"இதையே அடிங்க.
எந்த ஆத்து மணல் இது?"

"கண்ணாடித் தூள் சார்.
ஆத்து மணலுக்கு
உங்க லைசென்ஸ் பத்தாது."