ஊதா நிற வட்டத் துளை

கோஸ்தனாய்க்கு வடக்கே,
தானியக் கிடங்கின் பரிசோதனை அறை.
வாசலில் நாற்பத்தோரு காமாஸ் லாரிகள்.
விடிந்தால் பனி விழுமாம்.

கோதுமையின் ஈரம் அளக்கும் சாம்பல் பெட்டிக்குப்
புது விண்டோஸ் பிடிக்கவில்லை.
அதைச் செய்த கம்பெனி படுத்து ஒன்பது வருஷம்.
யாரிடம் போய்க் கேட்பது?
பழையதையே வீட்டில் ஒரு வட்டில் ஏற்றி
உள்பையில் வைத்து
முட்டையைப்போல் கொண்டுவந்தேன்.
திருகி, மூடி, பொத்தானை அமுக்கினேன்.

முதலில் எல்லாம் விழித்தது.
கறுப்புத் திரையில் கோடு நான் சொன்னபடி நகர்ந்தது.
பிறகு நாலு நிறக் கொடி வந்து ஒளிர்ந்தது,
அதோடு சரி.
விசைப்பலகையின் பச்சை விளக்கு அவிந்தது.
மவுஸின் அடிவயிற்றுச் சிவப்பு அவிந்தது.
பென்டிரைவைச் செருகினால்
சுவர் ஓட்டையில் செருகிய மாதிரி.

காரணம் தெரியாமல் இல்லை.
போர்டு புதுசு. அதன் நீலத் துளைகள்
இந்த விண்டோஸ் பிறந்த பிறகு ஊருக்குள் வந்தவை.
பேரே கேள்விப்படாத விருந்தாளிக்கு
யார் கதவு திறப்பார்கள்?
அறிமுகம் செய்துவைக்க டிரைவர் இருக்கிறது.
பென்டிரைவில் இருக்கிறது.
பென்டிரைவைப் படிக்க அந்த டிரைவர் வேண்டும்.
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்,
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்.

என்ன ஆச்சு என்று குல்ஷாத் கேட்கவில்லை.
கிண்ணம் கிண்ணமாகக் கோதுமையை அடுப்பில் காயவைத்து
எடை போட்டுக்கொண்டிருந்தாள்.
ஒரு லாரிக்கு ஒன்றேகால் மணி நேரம்.
நாற்பத்தொன்றால் பெருக்கி, சுவரில் எழுதி,
என் முகத்துக்கு நேரே அடிக்கோடிட்டாள்.

வெளியே கொந்த்ராத் ஒரு மணியை எடுத்துக் கடித்தார்.
"பதிமூன்றரை.
என் பல்லுக்கு எந்த விண்டோஸும் வேண்டாம்."
லாரிக்காரர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்துவைத்தேன்.

பயாஸுக்குள் போய்த் தேடினேன்.
பழைய மாதிரி நடந்துகொள் என்று சொல்ல
அங்கே ஒரு வரிகூட இல்லை.
முன்னால் இருந்ததைப் பின்னால் செருகினேன்,
பின்னால் இருந்ததை ஊதித் துடைத்து
வேறு துளையில்,
அப்புறம் அதே துளையில்.
பயனில்லை என்று தெரியும்.
சட்டைப் பையில் இல்லாத சாவியைச்
சட்டைப் பையிலேயே நாலு தடவை தேடுவோமே, அப்படி.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
போர்டின் மூலையில், தூசிக்குள்,
ஊதாவும் பச்சையும் பாதிப் பாதியாய்
ஒரு வட்டத் துளை.
எந்த ஊர்ப் பொறியாளரோ,
"இனி இது எதற்கு?" என்றவர்களுக்குப் பதில் சொல்லாமல்
விட்டுவைத்தது.

எடைமேடைக் காவலர் ஒராஸ்பையிடம்
உருண்டைத் தலை விசைப்பலகை ஒன்று இருந்தது,
டீக்குவளை வைக்கும் பலகையாக.
கவிழ்த்துத் தட்டினேன்.
ஒரு கைப்பிடி சூரியகாந்தித் தோல்.
மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் செருக வேண்டும்.
அந்தக் காலத்துச் சாமான்,
அந்தக் காலத்து மரியாதை.

வட்டைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டி
டிரைவரை அதன் வயிற்றிலேயே வைத்து
மறுபடி திருகினேன்.
மவுஸ் இல்லை.
டேப், டேப், டேப், எண்டர்.
இருட்டில் படி இறங்குகிறவன்
காலால் எண்ணுகிற மாதிரி.
மஞ்சள் ஆச்சரியக்குறிகள் நாலு இருந்தன.
ஒன்று போனது.
ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று.

ட்டிங்.
சாம்பல் பெட்டி தொண்டையைச் செருமியது.

கொந்த்ராத்தின் லாரிதான் முதலில்.
பதினைந்து புள்ளி இரண்டு.
"பழைய விண்டோஸ் பொய் சொல்கிறது" என்றார்.
குல்ஷாத் அடுப்பைத் திறந்தாள்,
அவருடைய கிண்ணத்தை எடுத்து எடை போட்டாள்,
சீட்டை அவர் பக்கம் தள்ளினாள்.
அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ஒரு மஞ்சள் குறி மட்டும் கடைசிவரை போகவில்லை.
எதற்குரியது என்று எனக்கு இன்னும் தெரியாது.
செத்த துளையின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன்.

நாலரைக்கு ஒராஸ்பை வந்தார்,
சுடும் குவளையைக்
கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி.
"என் பலகை எங்கே?"