பதினான்காம் அறையின் பட்டியல்

ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் இருக்கிறது.
அவர் சொன்னார், நான் எழுதினேன்.
புத்தகப் பெயர் ஒன்றுகூடக் கிடையாது.
பெயரெல்லாம் கல்கத்தா வீட்டு அலமாரியிலேயே நின்றுவிட்டதாம்,
நிறம் மட்டும் கூட வந்திருக்கிறது.

நீல அட்டை: வெளிச்சம் பற்றி. படங்களைப் பார்த்தால் போதும்.
பச்சை: வெட்டுவதும் ஒட்டுவதும்.
முதல் அத்தியாயம் முழுக்கத் தற்பெருமை, தாண்டிவிடு.
தலையணைத் தடிமனில் ஒன்று, சரித்திரம்.
படம் பேச ஆரம்பித்ததும் மூடிவிடலாம்.
நான்காவதைச் சொல்லி, எழுதியதும் அடிக்கச் சொன்னார்.
ஆசிரியர் தெரிந்தவராம், கடன் பாக்கி வேறு.
கடைசி, ஒல்லி, மஞ்சள்:
கேமராவை எங்கே வைக்கக் கூடாது.

பாபுராவ் தெருவில் எங்கள் லாட்ஜ்.
நான் இரவு ரிசப்ஷன்.
எனக்குத் தெரிந்த வங்காளம் மூன்று வாக்கியம்:
வெந்நீர் ஆறு மணிக்கு.
எத்தனை நாள் தங்குவீர்கள்.
நேற்றைய வாடகை வரவில்லை.
அவருக்குத் தெரிந்த தமிழ், ஆஸ்பத்திரி வரிசையில் கற்றது:
அப்புறம் வா.
மிச்சத்தை இருவரும்
தப்பும் தவறுமான இந்தியில் சரிக்கட்டிக்கொண்டோம்.

நிர்மால்ய தத்தா, வயது அறுபத்திரண்டு.
தொழில் என்ற கட்டத்தில் 'ஃபோகஸ்' என்று நிரப்பியிருந்தார்.
தஸ்தகீர் பாய் அதை அடித்து
'பிசினஸ்' என்று திருத்தினார்.
முப்பது வருஷம் அவர் வேலை
லென்சுக்கும் நடிகை மூக்குக்கும் நடுவே
டேப் பிடித்து அளப்பது.
இப்போது மனைவிக்கு
வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ்.

கத்திரி வெயில். ராத்திரியிலும் சுவர் சுட்டது.
மாடியில் யாரோ வாடகை அடுப்பில் மீன் பொரிக்க
அவர் என் மேஜை டியூப்லைட்டை அணைத்தார்.
செல்போன் டார்ச்சை எவர்சில்வர் தட்டில் அடித்து
என் முகத்துக்குத் திருப்பினார்.
'பார், நீ இந்த ஆள் இல்லை.'
சாவி மாட்டும் பலகைக் கண்ணாடியில் பார்த்தேன்.
யாரோ ஒருத்தி,
வாடகை கேட்கவே தெரியாதவள் மாதிரி.

மாவட்ட நூலகத்தில் கிருபாவதி மேடம் கேட்டார்:
'நடிகர் வாழ்க்கையா, பாட்டுப் புத்தகமா?'
மஞ்சள் அட்டை என்றேன்.
'எல்லாத்தையும் பைண்டிங் பண்ணியாச்சும்மா.
இங்கே ஒரே கலர், காக்கி.'

காக்கியில் ஒன்று கிடைத்தது.
அதுதானா என்று யாரால் சொல்ல முடியும்.
நடுவில் எட்டுப் பக்கம் இல்லை.
ஒரு வரியின் கீழே கோடு:
அழுகிறவனை நோக்கிக் கேமரா ஓடக் கூடாது.
ஓரத்தில் வேறொரு கை
பென்சிலால், அழுத்தி,
'பொய்' என்று எழுதியிருந்தது.

ரிசப்ஷன் டிவியில் நாலு கட்டம்.
வாசல், படிக்கட்டு, இரண்டாம் மாடி, நான்.
மூன்று பத்துக்குப் படிக்கட்டில் அவர் வந்து உட்கார்ந்தார்.
எங்கள் கேமராவுக்குக் காது கிடையாது.
கையில் போன் எரிந்தது, அணைந்தது.
மனைவி ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்தார்.
குனிந்த தலை தூக்கமா, வேறெதுவுமா,
அந்தக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் சொல்லவில்லை.

மவுசில் ஒரு சக்கரம் இருக்கிறது.
உருட்டினால் முகம் பக்கத்தில் வரும்.
விரல் அதன் மேலேயே இருந்தது.
பொய் என்று எழுதியவரை நினைத்தேன்,
அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று.

எழுந்து போனேன்.
நாலாம் கட்டத்தில் நாற்காலி மட்டும் இருந்திருக்கும்.
அவருக்குக் கீழே, சில படி விட்டு, உட்கார்ந்தேன்.
என்ன சொல்வது என்று தெரியாமல்
'வெந்நீர் ஆறு மணிக்கு' என்றேன்,
சுத்தமான வங்காளத்தில்.

வெகுநேரம் கழித்து
திரும்பிப் பார்க்காமலே
'நாலடி, மூணு அங்குலம்' என்றார்.